அறுபத்திரண்டு கிலோ ஆளின் பலகை

என் கணவன் இவாவோவின் எடை ஐம்பத்தொன்பது கிலோ. போன வருடம் இதே பிப்ரவரியில் எழுபத்தெட்டு. இடையில் ஜூன் மாதம் சப்போரோவில் அவன் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். இந்த எண்களை எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. குளியலறையில் இருந்த எடைக்கருவி டிசம்பரில் அலமாரிக்குப் பின்னால் போனது. போட்டது அவன். எடுக்காமல் விட்டது நான்.

மலையடிவாரத்தில், ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டுக்கு எதிரே, பழைய பனிச்சறுக்குப் பலகைகளை வாங்கி, விளிம்பு தீட்டி, மெழுகு தேய்த்து விற்கும் கடை என்னுடையது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகப் பைத்தியங்கள். கெட்டி பூட்ஸ் போட்டுக்கொண்டு, எந்திரம் வாரிவிட்ட பனியில் கோடு கலைவதற்குள் மேலே ஏறி, இடுப்பு பனியில் உரசும்வரை சாய்ந்து சாய்ந்து வளைந்து இறங்குவார்கள். குதிக்க மாட்டார்கள், சுழல மாட்டார்கள். வளைவு மட்டும்தான். பத்து மணிக்கு மேல் மலையில் நிற்பவனைச் சுற்றுலாக்காரன் என்று ஏளனம் செய்வார்கள். நானும் இவாவோவும் முப்பது வருடங்களுக்கு முன்னால் இதே மலையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்துத்தான் பழகினோம்.

பழைய பலகை வாங்குபவன் நீளத்தைப் பார்ப்பான், அகலத்தைப் பார்ப்பான். அதையெல்லாம் அளவுகோல் சொல்லிவிடும். ஏமாறுவது விறைப்பில்தான். உன் எடைக்கு விறைப்பு கூடிப்போனால் பலகை வளையாது. பலகை வளையாவிட்டால் நீயும் வளைய முடியாது, அது போகிற இடத்துக்குப் போக வேண்டியதுதான். போகிற இடத்தில் பெரும்பாலும் மரம் இருக்கும். விறைப்பு குறைந்தால் சுகமாக வளையும். வேகம் ஏறி, பனி இறுகிக் கிடக்கும் சரிவுக்கு வந்ததும் மூக்கு, அதாவது பலகையின் முன்நுனி, மடங்கி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். கடையில் ஒருவன் எடையை ஐந்து கிலோ கூட்டிச் சொன்னால்கூட எனக்குத் தெரிந்துவிடும், முகத்தில் அடித்த மாதிரி சொல்லியும் விடுவேன். வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று மலை முழுக்கப் பெயர். வீட்டில் மட்டும் அந்த வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அசாஹிகாவாவில் கசஹரா என்று ஒருவர் கையாலேயே பலகை செய்கிறார். செய்வதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பார், உன் எடை என்ன. அந்த எடைக்குத் தகுந்த விறைப்பில் செய்து, வால் பக்கம் வெள்ளை மையில் அந்த எண்ணைத் தன் கையால் எழுதிவிடுவார். கசஹரா பலகை கைமாறும்போது எல்லாரும் முதலில் வாலைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். அவர் எழுதினால் எழுதியதுதான், மறுபேச்சு கிடையாது.

ஜனவரி கடைசியில் கசஹரா பலகைகள் இரண்டு ஒன்றாக வந்தன. பனியே வேண்டாமென்று ஒக்கினாவாவுக்குக் குடிபோகும் ஒரு தம்பதியுடையவை. இரண்டும் ஒரே கரும்பச்சை, ஒரே நீளம். அவருடையதில் 82 என்று எழுதியிருந்தது, அவர் மனைவியுடையதில் 62. இரண்டு மரக்கட்டைமேல் பலகையைக் கிடத்தி, நடுவில் பத்துப் பத்து கிலோவாக இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றி, எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். எண்பத்திரண்டு அசைந்தே கொடுக்கவில்லை. அறுபத்திரண்டு நன்றாகத் தொய்ந்தது, தொய்ய வேண்டியதற்கு மேலேயே கொஞ்சம் தொய்ந்தது. பதினைந்து வருடம் ஓடிய பலகை, தளர்ந்துபோயிருந்தது. எங்கள் பேச்சில் பலகைக்கும் மனிதனுக்கும் இதற்கு ஒரே சொல்தான்.

இவாவோ மத்தியானம் கடைக்கு வந்தவன் எண்பத்திரண்டின் வாலைப் பார்த்துவிட்டான்.

"மிஹோ, இத யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாத. இது எனக்கு."

"உனக்கு எதுக்கு எண்பத்திரண்டு?"

"பழசுதானே. தளர்ந்துபோயிருக்கும். இப்ப எழுபத்தஞ்சு, எழுபத்தாறுக்கு வந்திருக்கும். எனக்குக் கச்சிதமா இருக்கும்."

"தளரல. அரிசி மூட்டை வெச்சுப் பாத்துட்டேன்."

"உன் அரிசி மூட்டையா! கசஹரா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

"அந்த அறுபத்திரண்டயும் ஒரு தடவ பாரேன்."

"அது பொம்பளைக்குச் செஞ்சது."

"நானும் பொம்பளதான்."

"அதான் சொல்றேன், நீ எடுத்துக்கோ." சிரித்துக்கொண்டே சொன்னான். கண் மட்டும் சிரிக்கவில்லை. "சனிக்கிழம காலைல முதல் லிஃப்ட்ல ஏறப் போறேன். பூட்ஸ் பிடிப்ப மாட்டி வெச்சுடு."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் மலையேறப் போவது அதுதான் முதல் முறை. மருத்துவர் லேசாக ஆடலாம் என்று சொல்லியிருந்தார். இவன் எதை லேசாகச் செய்திருக்கிறான்? முந்தைய திங்களன்றுதான் வயிற்றைப் படம் எடுத்திருந்தார்கள். புற்று திரும்ப வந்திருக்கிறதா இல்லையா என்பது அடுத்த வெள்ளிக்கிழமை தெரியும். அதற்குள் ஒரு முறையாவது இறங்கிவிட வேண்டும் என்று அவன் நினைத்தது எனக்குப் புரிந்தது.

ஐம்பத்தொன்பது கிலோ ஆள் எண்பத்திரண்டு கிலோ பலகையில், இறுகிய பனியில், காலை எட்டரை மணிக்கு. எங்கே போய் நிற்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லிஃப்டின் மூன்றாவது கம்பத்துக்குக் கீழே பாதை இடப்பக்கம் வளைகிறது. வளையாதவர்களுக்கு அங்கே பிர்ச் மரங்கள் நிற்கின்றன. போன பத்து வருடத்தில் இரண்டு பேரை அங்கிருந்துதான் தூக்கி வந்தார்கள், ஒருவர் பிழைத்தார்.

"நீ ஐம்பத்தொன்பது கிலோ, இவாவோ" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்வதற்குப் பதிலாக, அவன் போனதும் எண்பத்திரண்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். அறுபத்திரண்டைத் திருப்பி வைத்து, வெள்ளை மைப் பேனாவை எடுத்து, ஆறின் தலையில் ஒரு வளைவு போட்டேன். எட்டு ஆகிவிட்டது. இரண்டு விநாடி வேலை. ஒரு மனிதரின் கையெழுத்தைத் திருத்துகிறோமே என்று கை கூசியது. அதைவிட, கட்டிய கணவனின் கண்ணில் மண்ணைத் தூவுகிறோமே என்று கூசியிருக்க வேண்டும்.

மறுநாள் வந்து அவன் பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தான். வாலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு உள்ளங்கையால் நடுவில் அழுத்துவது. கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் இதைச் செய்வான், ஏதோ எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தலையை ஆட்டுவான். இவாவோ அழுத்தினான். தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. பலகை கொஞ்சம்தான் வளைந்தது.

"பாத்தியா? விறைப்புன்னா இது விறைப்பு! கசஹரா கசஹராதான்."

நான் மெழுகு உருக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். போன வருடம் அதே பலகையை அவன் ஒரு கையால் வில்லாக வளைத்திருப்பான். அவன் உடம்பு என் பொய்க்குச் சாட்சி சொல்கிறது. நிம்மதியாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது.

சனிக்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. வானம் தெளிவு, காற்று இல்லை, பனி கல்லாகக் கிடந்தது. இவாவோ பாதி சோற்று உருண்டையை மெதுவாக மென்று தின்றான், மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மேல்கோட்டு போட்டு நின்றபோது இடுப்புப் பக்கம் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருந்தது. உடம்பு தேறுகிறது என்று நினைத்தேன். பைத்தியக்காரி, மகிழ்ந்துகூடப் போனேன்.

லிஃப்டில் ஆட்களை ஏற்றிவிடும் ஒனோதெரா அவனைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"அடடே, இவாவோ சான்! உங்க லாக்கர நான் எடுத்துக்கலாம்னு இருந்தேன், கெடுத்துட்டீங்களே."

"சாவி என்கிட்ட இருக்கு. செத்தாலும் கிடைக்காது."

"நடை என்ன இவ்ளோ கனமா இருக்கு? நல்லா சாப்பிடறீங்க போல."

"மிஹோ சமையல். வயித்துல கல்லு மாதிரி கிடக்கும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நாற்காலி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மேலே போக ஒன்பது நிமிடம் ஆகும். நான் கடைக்குத் திரும்பி அடுப்பைப் பற்ற வைத்தேன்.

தொலைபேசி அடித்தது. ஷகொத்தானிலிருந்து அவன் அண்ணன் மிட்சுகு. கடலில் முங்கிச் சங்கும் கடல் அட்டையும் எடுக்கிறவர்.

"மிஹோ, உன் புருஷன் என் ஈய பெல்ட்ட எப்பத் திருப்பித் தருவான்? திங்கக்கிழம நான் கடல்ல எறங்கணும்."

"எந்த பெல்ட்?"

"இடுப்புல கட்டறது. பதினாலு கிலோ. அது இல்லாம முங்க முடியாதுல்ல. ரெண்டு நாள் முன்ன வந்து தூக்கிட்டுப் போனான். கராஜ்ல ஏதோ பலகைய வளைச்சுப் பாக்கணும், வெயிட் வேணும்னான்."

கராஜில் எந்தப் பலகையும் இல்லை.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன் எடை என்ன என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எண்பத்திரண்டு கிலோ பலகை தனக்கு வளையாது என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் ஈயத்தைக் கட்டிக்கொண்டு எழுபத்துமூன்று கிலோ ஆளாக ஏறியிருக்கிறான். மீதியை, பழைய பலகை தளர்ந்து ஈடுகட்டும் என்பது அவன் கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அவன் காலில் இருப்பது எண்பத்திரண்டு இல்லையே. ஏற்கெனவே தளர்ந்துபோன அறுபத்திரண்டு. விறைப்பான பலகை என்று நம்பி அவன் முன்காலில் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்குவான். மூக்கு தாங்காது.

ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ரப்பர் பூட்ஸோடு ஓடினேன். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன்.

"ஒனோதெரா சான், மேல ரேடியோல சொல்லுங்க! இவாவோவ இறங்க விடாதீங்க!"

"என்னாச்சு? என்னன்னு சொல்றது?"

அங்கே வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள், இவாவோ தலைநிமிர்ந்து பேசிப் பழகியவர்கள். அது பெண்பிள்ளை எடைக்குச் செய்த பலகை, இடுப்பில் ஈயம் கட்டியிருக்கிறான், கழற்றச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வேண்டும். ரேடியோவில், மேலே இருக்கிறவர்களும் கேட்கும்படி. வாய்வரை வந்தது.

"ஆஸ்பத்திரில இருந்து போன் வந்திருக்கு" என்றேன். "லிஃப்ட்லயே கீழ வரச் சொல்லுங்க."

ஒனோதெரா அப்படியே சொன்னார். மேலே நிற்கிற ஆள் யாரிடமோ பேசுவது கரகரத்தது. பிறகு பதில் வந்தது.

"சொல்லிட்டேன். ஆஸ்பத்திரின்னதும் மனுஷன் முகமே வெளுத்துப்போச்சு. லிஃப்ட்ல ஒம்பது நிமிஷம் ஆகும், இதுல ரெண்டே நிமிஷம்னுட்டு மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாரு."

ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், அதுவும் அவனைப் பிடித்துத் தள்ளி விடுகிற பொய். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நின்று நிதானமாக வந்திருப்பான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் அவன் ஓடி வருவான். அது எனக்குத் தெரியாதா?

மேட்டு விளிம்பில் அவன் தெரிந்தான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. என்ன அழகாக வந்தான் தெரியுமா! கை பனியைத் தடவ, விளிம்பு ஒற்றைக் கோடாகக் கிழிக்க, இருபத்தாறு வயதில் வந்த மாதிரி வந்தான். வரிசையில் நின்றவர்கள் ஓவென்று கத்திக் கை தட்டினார்கள். நான் மட்டும் "நிறுத்து, நிறுத்து" என்று அலறிக்கொண்டிருந்தேன். அவர்கள் அதையும் ஆரவாரம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கம்பத்தருகே சரிவு கூடுகிறது. அங்கே ஏழாவது வளைவில் முன்காலை அமுக்கினான். மூக்கு உள்பக்கமாக மடங்கியது. முறிந்த ஓசை எங்கள்வரை வந்தது. அவன் பலகையைத் தாண்டி எகிறி, தலைகீழாக இரண்டு முறை புரண்டு, மரங்களுக்கு நாலு அடி முன்னால் கிடந்தான்.

மீட்பு ஆட்களோடு நான் போய்ச் சேர்ந்தபோது நினைவோடுதான் இருந்தான். வலது கால் பூட்ஸுக்கு மேலே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் காலைப் பற்றிப் பேசவில்லை.

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

"யாரும் கூப்பிடல. நீ பேசாம இரு."

"இல்ல, என்ன சொன்னாங்க மிஹோ?"

"சத்தியமா யாரும் கூப்பிடல. உன்ன நிறுத்தறதுக்காகச் சொன்னேன்."

மீட்பு ஆள் கோட்டைத் திறந்து ஈய பெல்ட்டைக் கண்டு விழித்தார். அறுத்து எடுத்தார்கள். தழும்புக்கு மேலேயே கட்டியிருந்தான், அந்த இடம் நீலம் பாரித்துக் கிடந்தது. அந்த வலியிலும் அவன் முகத்தில் ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோஷம்.

"வளைஞ்சுச்சு, பாத்தியா? எண்பத்திரண்ட வளைச்சுட்டேன்ல."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இனிமேல் பொய்யே வேண்டாம் என்று அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு வெறி வந்தது. காலம் தப்பி வந்த வெறி.

"அது அறுபத்திரண்டு, இவாவோ. நான்தான் ஆற எட்டாக்கினேன். நீ எண்பத்திரண்டுல ஏறிச் சாகக் கூடாதுன்னு."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தலையை என் பக்கம் திருப்பினான்.

"அப்ப அந்த போன்? உண்மையச் சொல்லு. யார் பேசினது?"

சறுக்கு வண்டியில் கட்டி இறக்கும்போதும் அதையே கேட்டான். ஆம்புலன்ஸிலும் கேட்டான்.

கால் எலும்பைச் சேர்த்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சப்போரோவுக்கு நான் மட்டும் போனேன். மருத்துவர் படங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். எதற்கும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னார். ரயிலில் பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு வந்தேன். ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அங்கே ஐந்து மணிக்கே கொடுத்துவிடும் இரவுக் கஞ்சியை அவன் தொடாமல் வைத்திருந்தான்.

"ஒண்ணும் இல்லயாம். சுத்தமா இருக்காம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை உடைந்துவிட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். எட்டு மாதத்து அழுகை, நிற்க மாட்டேன் என்றது.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழாம சொல்லு, மிஹோ."

"சந்தோஷத்துல அழறேன், மடையா."

"காகிதம் ஏதாவது கொடுத்தாரா?"

"அடுத்து வர வேண்டிய தேதி போட்ட சீட்டுதான்."

வாங்கிப் பார்த்தான். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்தான்.

"மே மாசமா. சீக்கிரமாவே வரச் சொல்லியிருக்காரு."

"எல்லாருக்கும் அப்படித்தானாம். நீயே போன் பண்ணிக் கேளு."

மணி ஆறைத் தாண்டியிருந்தது. சப்போரோவில் அந்தப் பிரிவில் திங்கள் காலை எட்டரைவரை யாரும் எடுக்க மாட்டார்கள். அப்படியும் அடித்துப் பார்த்தான், பதிவு செய்த குரல் பேசியது. போனை வைத்துவிட்டு, ஊசி குத்திய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு ஆறுதல் சொல்கிறான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"பரவால்ல. உன்னத் தனியாப் போக விட்டிருக்கக் கூடாது. எவ்வளவு நாள்னு சொன்னாரா?"

சத்தியம் செய்தேன், கத்தினேன், செத்துப்போன என் அம்மாமேல் ஆணையிட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினான். பிறகு, ஒரு பேனா எடுத்துக்கொள் என்றான். வீட்டில் இருக்கிற தன்னுடைய ஆறு பலகைகளில் எது யாருக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். முதலாவது ஒனோதெராவுக்கு, அவர் எடை எழுபது என்றான்.